சர்க்கரை தெரியாத மீட்டர்

அன்புள்ள மகனுக்கு,

இங்கே அப்பா நலம், உன் தங்கை நலம், கைகளைத் தவிர நானும் நலம். நீ நலமா என்று வழக்கம்போல் கேட்கப்போவதில்லை. உன் வயிறு நலமா என்று கேட்கிறேன், அதற்கு மட்டும் ஒளிக்காமல் பதில் எழுது. எனக்கு இரண்டு கையிலும் தோல் உரிந்து கட்டுப் போட்டிருக்கிறது, பேனா பிடிக்க முடியாது, அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். பயந்துவிடாதே, தீக்காயம் இல்லை, காரணம் பின்னால் வரும். நான் பேசுகிற மாதிரியே எழுதடி என்றால் கேட்க மாட்டேன் என்கிறாள், கடிதத்தில் ஒவ்வொரு வாக்கியமும் ஒழுங்காக முடிய வேண்டுமாம். ஆகவே இதில் புத்தகம்போல் ஏதாவது தெரிந்தால் அது அவள், கோபம் தெரிந்தால் அது நான். போனிலேயே சொல்லிவிடலாமே என்று அப்பா கேட்டார். போனில் சொன்னால் நீ சரிம்மா சரிம்மா என்பாய், பின்னால் யாராவது உன்னைக் கூப்பிடுவார்கள், வைத்துவிடுவாய். காகிதம் என்றால் மேசைமேல் கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

நீ வாங்கி அனுப்பிய தண்ணீர் மீட்டரைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உனக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று என்று இரண்டு வாங்கினாயே, அதில் எங்களுடையது. பேனா அளவில் வெள்ளையாக, அடியில் மூடி, மூடியைக் கழற்றினால் இரண்டு சின்ன ஊசி. பொத்தானை அழுத்திக் கோடு வரைக்கும் தண்ணீரில் முக்கினால் எண் ஓடி ஓடி நிற்கும். அது வந்த நாளில் இந்த வீட்டில் ஒருவரும் வேறு வேலை பார்க்கவில்லை. அப்பா டீயில் முக்கினார், ரசீது எழுதுகிற மைக்கூட்டில் முக்கப்போய் நான் பிடுங்கினேன், பிறகு தன் பேட்டரிக் கடைக்குக் கொண்டுபோய் பேட்டரியில் ஊற்றுகிற தண்ணீரில் முக்கிப் பார்த்துவிட்டு வந்து, பூஜ்யம் காட்டுகிறது, உலகத்திலேயே நல்ல தண்ணீர் என் கடையில்தான் இருக்கிறது, நாளையிலிருந்து எல்லோரும் அதையே குடியுங்கள் என்றார். அன்றைக்குச் சிரித்தோம். அவர் கிண்டலில் ஒரு நியாயம் இருந்தது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. நான் அந்த மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தேன். தையல்காரர் வீட்டில் நானூற்று முப்பது, சலவைக்கடையில் முந்நூற்றுத் தொண்ணூறு, எதிர்வீட்டில் ஐந்நூற்றுப் பத்து. எண் குறைந்தால் நல்ல தண்ணீர், கூடினால் கெட்ட தண்ணீர் என்று நீ போனில் சொன்னபடி நானே தீர்ப்புச் சொன்னேன். மீட்டரம்மா வருகிறாள் என்று பேர் வைத்தார்கள், அதுவும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. எதிர்வீட்டுக்காரி வெயிலில் வந்தவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள், நான் குடிக்கும் முன்னால் அதில் மீட்டரை முக்கினேன். அவள் முகம் போன போக்கை இப்போது நினைத்தால் எனக்கே என்மேல் எரிச்சல் வருகிறது. அதற்குப் பிறகு அவள் எனக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை.

(அண்ணா, இது நான். அந்த மீட்டரில் மீன்தொட்டி, மழைத்தண்ணீர், என் கண்ணீர் வரைக்கும் அளந்து ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். கண்ணீர் கோடு வரைக்கும் வரவில்லை, அதனால் அந்த அளவு செல்லாது.)

நான் வேலை பார்க்கிற குழந்தைகள் காப்பகத்துச் சமையலறையில் இரண்டு குழாய்கள் உண்டு என்று உனக்குத் தெரியும். ஒன்று ஆழ்குழாய்த் தண்ணீர், அதைத்தான் பதினொரு வருஷமாகக் கொதிக்க வைத்து, ஆற வைத்து, குழந்தைகளுக்குக் குடிக்கக் கொடுத்தேன். பாத்திரத்தில் சுண்ணாம்புபோல் வெள்ளையாகப் படியும், தேய்த்துத் தேய்த்து என் தோள் போகும். மற்றது மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வருகிற தண்ணீர், அது தரை துடைக்கவும் துணி அலசவும் மட்டும். உன் மீட்டரை அங்கேயும் கொண்டுபோனேன். ஆழ்குழாய் அறுநூற்று இருபது காட்டியது, தொட்டித் தண்ணீர் நூற்று நாற்பத்தொன்று. இத்தனை வருஷம் நல்லதைத் தரைக்கு ஊற்றிவிட்டுக் கெட்டதைக் குழந்தைக்குக் கொடுத்தேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன். ஓடிப்போய் பொறுப்பாளரிடம் சொன்னேன். அந்த அம்மாளுக்கு உன் தங்கை பதிவேட்டம்மா என்று பேர் வைத்திருக்கிறாள், எதற்கெடுத்தாலும் அந்த நீளப் பதிவேட்டைத் திறந்து எழுதுவார், குழந்தை தும்மினாலும் எழுதுவார். அவருக்கு ஒரே சந்தோஷம், இனிக் குழந்தைகளுக்குத் தொட்டித் தண்ணீரையே குடிக்கக் கொடுங்கள் என்றார். இவ்வளவு நல்ல தண்ணீரை எதற்குக் கொதிக்க வைக்க வேண்டும், அடுப்பு அரைநாள் சும்மா எரிகிறதே என்று கேட்டார். நானும் ஆமாம் என்றேன். இல்லை, ஆமாம் மட்டும் சொல்லவில்லை, அதை எழுதினால்தான் எனக்கு மனசு ஆறும். கொதிக்க வைக்கத் தேவையே இல்லை, எண்ணே சொல்கிறது என்று நான்தான் அடித்துச் சொன்னேன். அவர் பதிவேட்டில் எழுதிக்கொண்டார். மீட்டரை அங்கேயே ஒரு ஆணியில் மாட்டி வைத்துவிட்டு வந்தேன், என் மகன் வாங்கிக் கொடுத்தது என்று வருகிற போகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு.

ஐந்து வாரம் ஒன்றும் நடக்கவில்லை. ஆறாவது வாரம் திங்கட்கிழமை ஒரு குழந்தைக்கு வயிற்றுப்போக்கு, செவ்வாய்க்கிழமை மூன்று, புதன்கிழமை ஆறு. ஏழாவது குழந்தை எங்கள் பொத்தான். பஸ் ஓட்டுநரின் மகள், இரண்டரை வயசு, யாருடைய சட்டைப் பொத்தானையாவது வாயில் வைத்துக்கொண்டுதான் தூங்குவாள், அதனால் அந்தப் பேர். புடவைமேல் நான் போடுகிற வேலைச் சட்டையில் மூன்று பொத்தான் அவள் கடித்துத் தளர்ந்தவை. அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்து நாலு நாள் மருந்துத் தண்ணீர் ஏற்றினார்கள். நான் பார்க்கப் போனேன். கண் உள்ளே போய், உதடு வெடித்து, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தாள். குனிந்து தலையைத் தடவினேன், என் பொத்தானைப் பிடிக்கக் கை தூக்கினாள், பாதியில் விழுந்துவிட்டது. அவள் அப்பா சீருடையைக் கழற்றாமல் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். இப்போது அவள் தேறிவிட்டாள், அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், உன் தங்கை எழுதுவதை நிறுத்திவிட்டு மூக்கை உறிஞ்சுகிறாள்.

அந்த வெள்ளிக்கிழமை பெற்றோரையெல்லாம் கூப்பிட்டுக் கூட்டம் போட்டார் பதிவேட்டம்மா. குழந்தைகள் உட்காருகிற குட்டி நாற்காலிகளில் பெரியவர்கள் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் முன்னாலும் ஒரு கண்ணாடி டம்ளரில் தொட்டித் தண்ணீரைப் பிடித்து, ஆணியில் மாட்டியிருந்த உன் மீட்டரை எடுத்து, முக்கி, உயர்த்திக் காட்டினார். நூற்று நாற்பத்தொன்று. தண்ணீரில் குற்றமில்லை என்று மெஷினே சொல்கிறது, பால் பாக்கெட்டும் நேற்று வந்ததுதான், அப்படியென்றால் மிச்சம் என்ன இருக்கிறது என்று கேட்டார். கேட்டுவிட்டு என் கையைப் பார்த்தார். அவர் பார்த்ததும் அத்தனை பேரும் பார்த்தார்கள். நான் புடவைத் தலைப்பில் கையைச் சுருட்டிக்கொண்டேன் மகனே, குற்றம் செய்தவள் மாதிரி. பதினொரு வருஷத்தில் நகம் வளர விட்டிருப்பேனா? கழிப்பறைக்குப் போய் வந்து சோப்பு போடாமல் ஒரு ஸ்பூனைத் தொட்டிருப்பேனா? நீ பிறந்தபோதிலிருந்து என் கையில் சாப்பிட்டவன், நீயே சொல். விசாரிக்கும் வரைக்கும் வீட்டில் இருங்கள் என்று சொல்லிவிட்டார். அதைப் பணிவாகத்தான் சொன்னார், அதுதான் இன்னும் எரிகிறது. என் மகன் கொடுத்த பொருளைச் சாட்சிக்கு வைத்து என்னையே குற்றவாளியாக்கிவிட்டு, கூட்டம் முடிந்ததும் மறுபடி அதே ஆணியில் மாட்டினார். நான் கழற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். அப்பா, போனால் போகட்டும் விடு, வேறு இடம் இல்லையா என்றார். அவரும் என் பக்கம்தான், ஆனால் போகட்டும் விடுகிற விஷயமா இது? உன் தங்கைதான் திடீரென்று எழுந்து நூலகப் புத்தகத்தைப் புரட்டி, நடுவிலிருந்து ஒரு மடித்த தாளை உருவினாள். மீட்டர் வந்த பெட்டியில் இருந்த தாள். மூன்று மாதமாக அதைப் பக்க அடையாளமாக வைத்துக்கொண்டு மூன்று புத்தகம் முடித்திருக்கிறாள். கடைக்காரர் சாமான் கட்டித் தருகிற காகிதத்தைக்கூடப் பிரித்துப் படிக்கிறவள், இதை மட்டும் படிக்கவில்லை. எறும்பு மாதிரி எழுத்து, கடைசி மடிப்பில் ஒரு வரி. இந்தக் கருவி தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை மட்டும் காட்டும், கிருமிகளைக் காட்டாது. ஒரே ஒரு வரி. அதைப் படித்துவிட்டு இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

(அண்ணா, மறுபடி நான். இதற்கு எனக்கு மன்னிப்பே கிடையாது. அம்மா என்னைத் திட்டவில்லை, அதனால் நானே எழுதிவிடுகிறேன். அதன் பிறகு ஒரு சோதனை செய்தேன். டம்ளர் தண்ணீரில் மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கலக்கி முக்கினேன். எண் அசையவே இல்லை. இன்னொரு டம்ளரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டேன், ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. மீட்டர் தண்ணீரின் வழியாக மின்சாரம் எவ்வளவு போகிறது என்றுதான் பார்க்கிறதாம். உப்பு கலந்தால் மின்சாரம் போகும், சர்க்கரை கலந்தால் போகாது. அப்பா அந்தச் சர்க்கரைத் தண்ணீரைக் குடித்துவிட்டு, பாகு மாதிரி இருக்கிறது, இது தெரியாத மெஷின் என்ன மெஷின் என்றார்.)

அடுத்த நாள் சனிக்கிழமை, காப்பகம் விடுமுறை. என்னை வீட்டில் இருக்கச் சொன்ன மகராசி என்னிடமிருந்து சாவியை வாங்க மறந்துவிட்டார். பதினொரு வருஷமாகக் காலையில் நான்தான் கதவைத் திறக்கிறேன், சாவி என்றால் என் இடுப்பு என்று அவருக்குப் பழகிப்போயிருக்கிறது. நானும் உன் தங்கையும் போனோம். இரும்பு ஏணியை அவள் பிடித்துக்கொள்ள நான் மொட்டைமாடித் தொட்டிமேல் ஏறினேன். மூடி பாதி உடைந்து, அந்த ஓட்டையில் யாரோ ஒரு பலகையை வைத்து, பலகையும் நகர்ந்து கிடந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். புறாக்கள் விளிம்பில் குடித்தனமே நடத்துகின்றன. இறகு மிதக்கிறது, எச்சம் விளிம்பிலிருந்து கோடு கோடாகத் தண்ணீருக்குள் இறங்கியிருக்கிறது, மூலையில் ஒரு செத்த புறா பாதி கரைந்து கிடக்கிறது. தண்ணீர் மட்டும் கண்ணாடி மாதிரி இருந்தது. அதைத்தான் நான் நல்ல தண்ணீர் என்று சொல்லிக் கொதிக்க வைக்காமல் டம்ளர் டம்ளராகக் கொடுத்தேன். கீழே இறங்கி வந்தேன். என்னம்மா இருக்கு என்று உன் தங்கை கேட்டுக்கொண்டே இருந்தாள், நான் மேலே கை காட்டினேன்.

பார்த்ததைச் சொன்னால் மட்டும் போதாது, பழியைத் திருப்பப் பார்க்கிறாள் என்பார்கள், காகிதம் வேண்டும் என்று உன் தங்கை சொன்னாள். திங்கட்கிழமை பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு என்னோடு பஸ் ஏறி அரசுத் தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்துக்கு வந்தாள். அங்கே கொதி ஆவியில் சுத்தம் செய்த ஒரு பாட்டிலைக் கொடுத்து, எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். குழாய் முனையைத் தீயில் காட்டி, தண்ணீரை இரண்டு நிமிஷம் ஓடவிட்டு, மூடியின் உள்பக்கம் விரல் படாமல் பிடித்து, ஐஸ் வைத்த டப்பாவில் கொண்டுவர வேண்டும். அன்று மாலைக்குள் செய்து முடித்தோம், பதிவேட்டம்மா பின்பக்கம் போன நேரத்தில் காப்பகத்து ஆயா எங்களுக்குச் சமையலறைக் கதவைத் திறந்துவிட்டாள். பரிசோதனைக்கூடத்தில் பாட்டிலை வாங்கிய பெண்ணிடம் உன் தங்கை மீட்டரை எடுத்துக் காட்டினாள். அந்தப் பெண் சிரித்துவிட்டு, “இது உப்பு பாக்குற ஆளு, பாப்பா. கிருமி பாக்குறது நாங்க. ரெண்டு பேரும் ஒரே ஆபீஸ்னு நெனச்சிட்டீங்க” என்றாள். அவளுக்கு அது சிரிப்பு. மூன்று நாளில் காகிதம் வந்தது. மலத்திலிருந்து வருகிற கிருமி இருக்கிறது, குடிக்க ஏற்றதல்ல என்று முத்திரை குத்தியிருந்தது. நான் அதை வாங்கிக்கொண்டு சந்தோஷப்பட்டேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. என் கை சுத்தம் என்று சொல்கிற காகிதமும் அதுதான், என் வாய் தப்பு என்று சொல்கிற காகிதமும் அதுதான்.

அடுத்த கூட்டம் வைக்கச் சொல்லி நானே பெற்றோர் வீடுகளுக்கு நடந்தேன். வந்தார்கள், பஸ் ஓட்டுநரும் வந்தார். பதிவேட்டம்மா, இவர் விசாரணையில் இருக்கிறவர், இவர் கூப்பிட்டு எப்படிக் கூட்டம் நடக்கும் என்று ஆரம்பித்தார், யாரும் எழுந்து போகவில்லை. உன் தங்கை மேசைமேல் இரண்டு டம்ளர் வைத்தாள். ஒன்றில் நல்ல தண்ணீர், இன்னொன்றில் அதே தண்ணீரில் சர்க்கரை. இரண்டிலும் மீட்டரை முக்கி எண்ணைப் படிக்கச் சொன்னாள். ஒரே எண். பிறகு இரண்டையும் பதிவேட்டம்மா கையில் கொடுத்து ருசி பார்க்கச் சொன்னாள். அவர் பார்த்துவிட்டு டம்ளரை மேசைமேல் வைத்தார். நான் அப்போதுதான் வாயைத் திறந்தேன். “இனிப்பு இருக்குன்னே தெரியாத மெஷினுக்குக் கிருமி இருக்குன்னு எப்படிங்க தெரியும்? அத வெச்சு என் கையப் பாத்தீங்களே” என்றேன். குரல் உயரவில்லை, ஆனால் உள்ளே கொதித்தது எனக்குத்தான் தெரியும். காகிதத்தை எடுத்து ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தேன், தொட்டிக்குள் பார்த்ததைச் சொன்னேன். ஒரு தாய் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பதிவேட்டம்மா சும்மா இருப்பாரா? பதிவேட்டைத் திறந்தார், பக்கத்தைப் புரட்டினார், உரக்கப் படித்தார். ‘குடிநீரைக் கொதிக்க வைக்கத் தேவையில்லை என முடிவு செய்யப்பட்டது.’ படித்துவிட்டு, இதை யார் சொன்னது என்று என்னைக் கேட்டார். அந்த வரியில் என் பேர் இல்லை மகனே, முடிவு செய்யப்பட்டது என்றுதான் இருந்தது, கீழே அவர் கையெழுத்துத்தான் இருந்தது. நீங்கள்தானே அடுப்பு சும்மா எரிகிறது என்றீர்கள் என்று நான் திருப்பியிருக்கலாம், அதுவும் பொய்யில்லை. தொட்டியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும் என்று அந்தப் பதிவேட்டிலேயே அச்சடித்திருக்கிறது, நாலு வருஷமாக அந்தக் கட்டம் காலியாகக் கிடக்கிறது என்று உன் தங்கை என் காதில் சொன்னாள். எல்லாம் இருந்தது. ஆனால் எதிரே பஸ் ஓட்டுநர் உட்கார்ந்திருந்தார். அந்தக் குழந்தை பாதியில் விட்ட கை என் கண்முன்னால் வந்தது. “சொன்னது நான்தான். எண்ணப் பாத்து ஏமாந்தேன். கொதிக்க வேணாம்னு சொன்ன வாய் என்னோடது, ஆனா என் கையில குத்தமில்ல. ரெண்டையும் எழுதுங்க” என்றேன்.

பதிவேட்டம்மா பேனாவை எடுத்து முதல் விஷயத்தை உடனே எழுதிவிட்டார், சமையல்காரரின் தவறான ஆலோசனையின் பேரில் என்று, மை காயும் முன்னால். இரண்டாவதற்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. கை விஷயமெல்லாம் பதிவேட்டில் வராது, அன்றைக்கு நான் யார் பேரையும் சொல்லவில்லையே என்றார். எப்படி இருக்கிறது பார். என்னை அத்தனை பேர் முன்னால் குனிய வைத்ததை எழுத அவர் பதிவேட்டில் இடமில்லை, குழந்தை தும்மியதற்கு இடம் இருக்கிறது. அப்போது பஸ் ஓட்டுநர் அந்தக் குட்டி நாற்காலியிலிருந்து எழுந்தார். நோயில் நின்ற குழந்தைகளைத் திரும்பச் சேர்க்கப் பெற்றோர் அதே பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அந்த அம்மாள் போட்ட சட்டம்தான். “நீங்க பேரச் சொல்லல, ஆனா நாங்க எல்லாரும் அந்தம்மா கையத்தான் பாத்தோம். நானும் பாத்தேன். ரெண்டாவது வரிய எழுதுங்க, அப்பறம் நான் கையெழுத்துப் போடறேன்” என்றார். பின்னால் இருந்த தையல்கார அம்மாளும், “நானும் அப்படித்தான்” என்றாள். எழுதினார். ‘சமையல்காரரின் கைச்சுத்தத்தில் குறை இல்லை.’ ஆறு பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஓட்டுநர் வெளியே போகும்போது என் பக்கத்தில் நின்று, இனிமேல் கொதிக்க வைப்பீங்களா என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன். அவர் என்னை மன்னித்துவிட்டார் என்று நினைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் திங்கட்கிழமை பொத்தானைக் கொண்டுவந்து விட்டார் என்று ஆயா வந்து சொன்னாள்.

கையில் கட்டு எப்படி வந்தது என்று கேட்பாய். ஞாயிற்றுக்கிழமை குழாய் மெக்கானிக்கைக் கூப்பிட்டுத் தொட்டியைக் காலி செய்தோம். உள்ளே இறங்கிக் கழுவுகிறது என் வேலை என்று நான் பிடிவாதமாக இறங்கினேன், சொன்ன வாய்க்கு அந்தத் தண்டனையாவது இருக்கட்டும் என்று. மெக்கானிக் ரப்பர் கையுறை கொடுத்தார், பெரியதாக இருந்தது, வழுக்கியது, கழற்றி எறிந்துவிட்டு பிளீச்சிங் பவுடரில் வெறுங்கையால் தேய்த்தேன். கோபத்தில் எரிச்சல் தெரியவில்லை. மறுநாள் விரல் இடுக்கெல்லாம் உரிந்து வந்துவிட்டது. டாக்டர் பத்து நாள் தண்ணீரில் கை வைக்கக் கூடாது என்றார். அப்பா, கை சுத்தம்தான் என்று எழுதி வாங்கிய பிறகு எதற்கு இவ்வளவு கழுவினாய் என்று கேட்டார். சோறு ஊட்டிவிடுகிறவரும் அவர்தான், அதனால் பதில் சொல்லாமல் வாயைத் திறந்துகொள்கிறேன். தொட்டிக்குப் புது மூடி போட்டாயிற்று, பூட்டும் உண்டு, பூட்டின் சாவி என்னிடம்.

இப்போது உன் முறைக்கு வருகிறேன். போன மாதம் போனில் என்ன சொன்னாய்? எங்கள் அறைக் குழாயில் மீட்டர் முப்பத்தெட்டுத்தான் காட்டுகிறது, உங்களுடையதைவிட நல்ல தண்ணீர், ஆறு பேரும் நேராகக் குழாயிலேயே பிடித்துக் குடிக்கிறோம், கெட்டிலைக் கழுவிப் பரணில் போட்டாயிற்று என்றாய். நான் சந்தோஷப்பட்டேன், அதிலும் ஒரு முட்டாள்தனம் செய்தேன், என் மகன் ஊருக்கே புத்தி சொல்கிறான் என்று ஆயாவிடம் பீற்றிக்கொண்டேன். அதே போனில் கடைசியில் வயிறு கொஞ்சம் சரியில்லை, வெளியே சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்றும் சொன்னாய். போன வாரமும் அதையே சொன்னாய். இத்தனை நாளாக ஒத்துக்கொள்ளாத சாப்பாடு எது? அந்தக் கட்டடத்துத் தொட்டி எங்கே இருக்கிறது, அதற்கு மூடி இருக்கிறதா, கடைசியாக யார் எப்போது கழுவினார்கள் என்று உனக்குத் தெரியுமா? ஆறு பேரில் ஒருவன்கூட ஏணி ஏறிப் பார்க்கவில்லை, ஆனால் முப்பத்தெட்டு என்று ஆறு பேருக்கும் மனப்பாடம். உன்மேல் எனக்குக் கோபம் வருகிறது. நான் செய்த அதே தப்பை நீயும் செய்கிறாய், நான் கற்றுக்கொண்டது உன்னிடமிருந்துதான், நீ கற்றுக்கொண்டது யாரிடமிருந்தோ, அந்தக் கடைசி மடிப்பை மட்டும் யாரும் பிரிக்கவில்லை. எனக்குப் பஸ் ஓட்டுநர் மாதிரி ஜன்னலோரம் நிற்கக்கூட வாய்ப்பில்லை, நீ இருக்கிற தூரம் அப்படி.

மீட்டரைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அதன் வேலையை அது ஒழுங்காகத்தான் செய்தது, உப்பைக் கேட்டால் உப்பைச் சொல்லும். நாம்தான் அதன் தலையில் நம் வேலையையும் கட்டினோம். எங்களுடையதை அப்பா கடைக்குக் கொடுத்துவிட்டேன், பேட்டரித் தண்ணீர் பார்க்க அதைவிடத் தோதானது இல்லையாம். நேற்று கட்டுப் போட்ட கையோடு எதிர்வீட்டுக்குப் போய்த் தண்ணீர் கேட்டேன். அவள் டம்ளரை நீட்டிவிட்டு, “எங்க, பேனாவ முக்கலியா?” என்று கேட்டாள். இது கொதிச்ச தண்ணியா என்று கேட்டேன். எங்கள் வீட்டில் என்றைக்குமே கொதிக்க வைத்துத்தான் குடிப்போம் என்றாள், அந்த ஐந்நூற்றுப் பத்தை. கட்டுக்கையால் பிடிக்க முடியாமல் அவளே வாயில் ஊற்றினாள், ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றே பரணிலிருந்து கெட்டிலை இறக்கு. டாக்டரிடம் போய் வயிற்றைக் காட்டு, வெளிச் சாப்பாடு என்று நீயே மருந்து சொல்லாதே. தொட்டியைப் பார்த்துவிட்டு என்ன பார்த்தாய் என்று எழுது, எண்ணை எழுதாதே, பார்த்ததை எழுது. மற்ற ஐந்து பிள்ளைகளுக்கும் இதைப் படித்துக் காட்டு, அவர்களுக்கும் எங்கேயோ ஒரு அம்மா இருப்பாள். உன் உடம்பும் வயிறும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், நீ கை வைக்கிற காரியமெல்லாம் துலங்க வேண்டும் என்று அப்பாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம்.

என்றும் உன் நினைவாக,
அம்மா

(அண்ணா, கடைசியாக நான். கடிதத்தை மடிக்கப் போனபோது அம்மா பேனாவைக் கேட்டாள். டாக்டர் திட்டுவார் என்றேன், கேட்கவில்லை. வலது கைக் கட்டிலிருந்து வெளியே தெரிகிற இரண்டு விரல் நுனியில் பேனாவை இடுக்கி, உதட்டைக் கடித்துக்கொண்டு கீழே இருப்பதை எழுதினாள். எழுத்து கோணலாக இருக்கிறது, நான் திருத்தவில்லை.)

கொதிக்க வை.